அம்மாவுக்குப் பழக்கம்தான்

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நிறையச் சொற்கள் தெரியும், அதனால்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கேட்டேன்.

"அதுக்கில்ல. உனக்கு வாய் நீளம்" என்றார்.

இருக்கட்டும். அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு என் வாய்தான் தேவைப்பட்டது.

இஸ்திரி போடுவதில் அம்மாவை அடிக்க ஆளில்லை. ஊரில் எட்டு வருஷம் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஸ்பானிஷ் பேசும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் அம்மாவைப் பேசத்தான் சொன்னார்கள். ஒரு சட்டையைக் கையில் கொடுத்து "போட்டுக் காட்டு" என்றவர் ஒருவரும் இல்லை. பேசத் தெரியாதவருக்கு வேலையும் தெரியாதாம். இது என்ன நியாயமோ!

எங்கள் தெருமுனைச் சலவைக் கடைக்காரம்மா மட்டும், "சனிக்கிழமை வா, ஒரு நாள் பார்க்கலாம்" என்று ஜாடையில் சொல்லியிருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். நான் பள்ளியில் ஏழு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன்.

"உனக்கு நிஜமாவே பேச வருமா?" என்று வழியில் அம்மா கேட்டார்.

"கிளாஸ்ல நான்தாம்மா முதல்."

"கிளாஸ்ல எத்தனை பேரு?"

"அது எதுக்கு இப்ப?"

நான்கு பேர். ஆனால் முதல் என்றால் முதல்தானே?

கடைக்குள் நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சட்டைகள் தலைகீழாக இல்லை, நேராகத்தான் தொங்கின. ஆனாலும் அத்தனை சட்டைகளை ஒன்றாகப் பார்த்ததில் எனக்குத்தான் தலை சுற்றியது. கடைக்காரம்மா கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். மூன்று கேள்விகள் கேட்டார். பாதி சொல்லாகவும் பாதி ஜாடையாகவும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, இங்க அடிக்கடி கையில சூடு பட்டுருமாம். பரவாயில்லையான்னு கேக்குறாங்க."

"அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்னு சொல்லு."

பழக்கம்! போன வாரம்தான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். நான் என்றால் 'சுவேலோ', அவர் என்றால் 'சுவேலே'. நோட்டில் பக்கத்திலேயே 'பழக்கம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். அதைச் சேர்த்து ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டேன். கடைக்காரம்மாவின் புருவம் மேலே போனது.

"வாடிக்கையாளருங்க கத்துவாங்களாம்."

"கத்தட்டுமே! பழக்கம்தான்."

மறுபடி 'சுவேலே'. புருவம் இன்னும் மேலே போனது.

"மெஷின் பழசாம். திடீர் திடீர்னு நின்னுருமாம்."

"அதுவும் பழக்கம்தான்."

மூன்றாவது 'சுவேலே'. புருவம் கொண்டைக்கே போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. கடைக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாவின் அருகில் வைத்தார். அம்மாவுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவே திரையை இழுத்துவிட்டார். மெஷினின் சுவிட்ச் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். அம்மாவை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கூடை காலுறைகளைக் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொன்னார்.

"பாத்தியா, முதல் நாளே உக்கார வச்சுட்டாங்க. என்ன மரியாதை!" என்றார் அம்மா.

மத்தியானம்வரை மரியாதையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் முகம் வாட ஆரம்பித்தது.

"இஸ்திரிப் பெட்டியைத் தொடவே விடலையே. அப்புறம் எப்படி என் வேலையைப் பாப்பாங்க?"

நான்கு மணிக்குக் கடைக்காரம்மா வந்தார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொற்கள் எனக்கு ஒன்றுவிடாமல் புரிந்தன. புரியாமல் இருந்திருக்கலாம்.

"என்ன சொல்றாங்க?"

"இரும்மா." நான் கடைக்காரம்மாவிடம் "ஏன்?" என்று கேட்டேன்.

அவர் மூன்று விரல்களைக் காட்டினார். முதல் விரலைத் தொட்டு, கை சுட்டதுபோல் 'ஊஃப்' என்று ஊதிக்கொண்டார். இரண்டாவது விரலுக்கு, யாரோ வாடிக்கையாளரைத் திட்டுவதுபோல் வாயைப் பிளந்து காட்டினார். மூன்றாவது விரலுக்கு, சுவிட்சை 'டக்' என்று அணைத்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அம்மாவைக் கை காட்டினார். ஒவ்வொன்றிலும் 'சுவேலே' வந்தது.

எனக்கு இப்போது உறைத்தது. 'சுவேலே' என்றால் ஒருவர் வழக்கமாகச் செய்வது. அம்மா சொன்னதோ, பழகிப்போனதை. தமிழில் இரண்டுக்கும் 'பழக்கம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். நானும் ஒரே சொல்லைப் போட்டு மூன்று முறை கவிழ்த்திருக்கிறேன்.

'வேறு ஆள் கிடைத்துவிட்டதாம்' என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அம்மாவும் நம்பிவிடுவார். ஆனால் அவருடைய மடியில் அந்தக் காலுறைகள் நூல் பிடித்ததுபோல் அடுக்கியிருந்தன.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொல்லித் தொலைச்ச?"

"நீ எப்பவும் கையைச் சுட்டுக்குவன்னு. ஓடுற மெஷினை நிறுத்திடுவன்னு. அப்புறம்... வாடிக்கையாளருங்ககிட்ட கத்துவன்னு."

"நானா? நானா கத்துவேன்?" என்று அம்மா கத்தினார்.

கடைக்காரம்மா 'பார்த்தாயா?' என்பதுபோல் இரண்டாவது விரலை மறுபடி தூக்கிக் காட்டினார்.

நான் சொன்ன சொல்தான் தப்பு என்று விளக்க வேண்டும். தெரிந்த ஸ்பானிஷையெல்லாம் திரட்டி, "சுவேலோ மால்!" என்றேன். 'சுவேலோ மோசம்' என்று அர்த்தம்.

கடைக்காரம்மா குனிந்து தரையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு துடைப்பானை எடுத்து வந்து என் காலடியில் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'சுவேலோ' என்றால் தரை என்றும் அர்த்தம் உண்டு.

"நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும்" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து ஆவி மெஷின் 'புஸ்ஸ்ஸ் டமார்' என்றது. நான் துள்ளி அம்மாவின் காலை மிதித்தேன். கடைக்காரம்மா இமைகூட அசைக்கவில்லை. தரையைத் துடைத்தபடியே, "எஸ்தோய் அகொஸ்தும்பிராதா" என்றார்.

நான் அப்படியே நின்றேன். அந்தச் சத்தத்தை இவர் போடவில்லை. மெஷின் போடுகிறது. இவருக்குப் பழகிவிட்டது!

"நீங்க, சத்தம், அகொஸ்தும்பிராதா?" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

"ஆமாம்" என்று தலையாட்டினார்.

"காலையில் கடை திறப்பது?"

"சுவேலோ" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். வழக்கமாகத் திறப்பது அவர்தான்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நானும் மூன்று விரல்களைத் தூக்கினேன். அம்மாவுக்குச் சூடு, அகொஸ்தும்பிராதா. வாடிக்கையாளர்கள் கத்துவார்கள், அம்மா கத்த மாட்டார், அகொஸ்தும்பிராதா. மெஷின் தானாக நிற்கும், அம்மா நிறுத்த மாட்டார், அகொஸ்தும்பிராதா. கடைசியாக என்னையே சுட்டிக்காட்டி, "தப்பு என்னுடையது" என்றேன்.

கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொண்டையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

சிரித்து முடித்ததும் மிகவும் கசங்கிய ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். காலரை உள்பக்கம் ஒரு இழுப்பு, வெளிப்பக்கம் ஒரு இழுப்பு. அப்புறம் கை, முதுகு, பொத்தான் பட்டி. ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்தில் சட்டை புதிதாகத் தொங்கியது. கடைக்காரம்மா காலரை விரலால் தடவிப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த நீல ஏப்ரனை எடுத்து, தன் கையாலேயே அம்மாவுக்குக் கட்டிவிட்டார்.

"திங்கட்கிழமை, ஏழு மணி" என்று ஏழு விரல்களைக் காட்டினார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

கிளம்பும்போது என்னைக் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டார்.

"எப்பவும் நான்தான் உனக்காகப் பேசுவேனான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்பவும் இவதான் பேசுவா, ஆனா எனக்குத்தான் இன்னும் பழகலன்னு சொல்லு."

இதை மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் சொன்னேன். பேசுவதற்குச் 'சுவேலே', பழகாததற்கு 'அகொஸ்தும்பிராதா இல்லை'.

கடைக்காரம்மா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு சொற்களும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. நடுவில் மாட்டிக்கொண்டது நான்தான்.