அப்பாவின் குரலுக்கு ஒரு கூலர்

பட்டாணியின் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவர் நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். குளத்தின் இந்தப் பக்கம் நின்று "காலை நல்லா உதை" என்று அவர் சொன்னால், அந்தக் கோடியில் இருக்கும் பிள்ளையின் கால் தானாக உதைக்கும். அப்படிப்பட்ட குரல். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது, அந்தக் குரலில் நூல் அளவுதான் மிச்சம் இருந்தது.

"கத்தக் கூடாது, அழுத்திப் பேசக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆனா பேசாமலும் இருக்கக் கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா, மெதுவாப் பேசணும். பேசாம விட்டா இருக்கறதும் போயிடும்."

முதல் சில நாட்கள் அப்பா பேசிப் பார்த்தார். அம்மா "என்ன?" என்பாள். பட்டாணி "என்னப்பா?" என்பாள். அவர் திரும்பச் சொல்லுவார். இருவரும் மறுபடியும் "என்ன?" என்பார்கள். பிறகு அவர் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்பாவுக்கு நம்ம மேல கோபமா?" என்று பட்டாணி கேட்டாள்.

"கோபம் இல்லை கண்ணு. மனசு விட்டுப் போச்சு" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவளுக்கே மனசு விட்டுப் போனதுபோல இருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு அறை. ஒரு பக்கம் அப்பாவின் கட்டில். எதிரே அம்மாவின் மேசை. அதன்மேல் ஒரு பெரிய கணினி. கட்டப்போகும் வீடுகள் கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. ஒரு படம் தயாராக மணிக்கணக்கில் கணினி ஓட வேண்டும். அப்படி ஓடும்போது அதன் உள்ளே இருக்கும் விசிறி, மாவு மில்லைப் போல இரையும். அந்த இரைச்சல் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான், "உங்க வீட்ல விமானம் எப்பக் கிளம்பும்?" என்று கேட்பார்.

ஒரு நாள் மதியம் பட்டாணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள மூக்குல தண்ணி ஏறுது. என்ன பண்றது?"

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பட்டாணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நீச்சலைப் பற்றிக் கேட்டால்கூடப் பதில் இல்லையா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, அவள் எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

கணினி அணைந்தது. அறை முழுவதும் திடீரென்று அமைதி. அந்த அமைதியில், சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"...மூக்கால மெதுவா ஊதிட்டே இரு. நிறுத்தாத. நிறுத்தினாத்தான் தண்ணி ஏறும்..."

பட்டாணி அசையாமல் நின்றாள்.

"அப்பா, நீங்க பேசறீங்களா?"

"பேசிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். "உங்களுக்குத்தான் கேக்கலை."

அம்மா எழுந்து ஓடி வந்தாள். கட்டில் அருகே வந்து சேர்வதற்குள் மின்சாரமும் வந்துவிட்டது. கணினி மீண்டும் இரைய ஆரம்பித்தது. அப்பாவின் உதடுகள் ஏதோ ஒரு சொல்லுக்காக அசைந்தன. அவர் மேசையைப் பார்த்தார். உதடுகளை மூடிக்கொண்டார்.

அன்று அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கம்ப்யூட்டரை நிறுத்தினா வேலை போயிடும். ஓட விட்டா அவர் குரல் போயிடும். நான் என்னதான் செய்ய?"

பட்டாணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே அறையில் கணினியை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? சமையல் மூலையில் ஆவியும் தண்ணீரும். அதற்குக் கதவும் கிடையாது.

மறுநாள் அம்மாவும் அவளும் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு தூசிக் காடு. தூரிகையால் துடைத்தெடுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்பது தும்மல் வந்தது. இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. படம் ஓட ஆரம்பித்ததும் பழையபடி ஏறிக்கொண்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பட்டாணி காதை வைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்ன விசிறி. அதுதான் பிராசசர் சூடாகாமல் காக்கும் கூலர். கணக்கெல்லாம் போடுவது பிராசசர். அது கடுமையாக வேலை செய்தால் கொதித்துப் போகும். உள்ளங்கையைவிடச் சின்னதான அந்த விசிறி, அந்தச் சூட்டைத் துரத்த உயிரைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை மாத்திடலாம்மா" என்றாள் பட்டாணி.

அம்மா அன்றே கடைக்குப் போய் ஒரு புதுக் கூலர் வாங்கி வந்தாள். பெட்டியின் மேல் 'மிக அமைதியானது' என்று எழுதியிருந்தது. மாட்டினார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் சுழன்றன. பார்க்க அழகாக இருந்தது. அம்மா படத்தை ஓட விட்டாள்.

விர்ர்ர் என்று அது கத்தியது. முன்பாவது வெறும் மாவு மில். இப்போது மாவு மில்லில் திருவிழா விளக்கு போட்டதுபோல இருந்தது.

அம்மா நாற்காலியில் சரிந்தாள். அப்பா கையை மட்டும் அசைத்தார். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது அவர் உதடுகளும் அசையவில்லை. பட்டாணி கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் எதுவுமே பேச முயலவில்லை. "இனிமே முயற்சி பண்ணிப் பிரயோசனம் இல்லைன்னு நினைச்சுட்டார் போல" என்றாள் அம்மா. வேலையில் மூழ்கியவள்போலத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். திரையில் இருந்தது யாருடைய வீடோ. அதில் விசாலமாக ஆறு அறைகள்.

பட்டாணி பள்ளியிலிருந்து வந்ததும் தன் ஸ்கேலை எடுத்தாள். கணினியை அணைக்கச் சொல்லி, பிராசசர் இருக்கும் இடத்திலிருந்து பக்கத் தகடு வரைக்கும் எவ்வளவு உயரம் என்று அளந்தாள். பதினைந்தரை சென்டிமீட்டர். கையில் எழுதிக்கொண்டாள். அம்மாவையும் விளக்குக் கூலரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் நல்ல பருமன். கணீரென்று பேசுவார். "இதுக்கு என்ன குறைச்சல் பாப்பா? நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுது மாமா. நல்லாக் கத்துது."

"பெட்டியில அமைதின்னு போட்டிருக்கே."

"பெட்டி அமைதியாத்தான் இருக்கு" என்றாள் பட்டாணி.

அவர் சிரித்துவிட்டார். "சரி, மாத்தித் தரேன். ஆனா ஒரு தடவைதான். மறுபடி வந்து நிக்கக் கூடாது."

அலமாரி முழுக்கக் கூலர்கள். எல்லாப் பெட்டிகளும் அமைதி என்றே சொல்லின. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலை கண்ணு. இதுவும் தப்பாப் போனா நான் என்ன செய்வேன்" என்று முணுமுணுத்தாள்.

பட்டாணி யோசித்தாள். கூலர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அது ஓடும்போது அப்பா பேசினால் கேட்குமா? அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

"மாமா, இந்த ஃபேனையெல்லாம் இங்கேயே முழு வேகத்துல ஓட்டிக் காட்ட முடியுமா?"

"முடியும். ஏன்?"

"நான் அந்தச் சுவர்கிட்டத் திரும்பி நின்னுக்கறேன். நீங்க இங்கிருந்து மெதுவாப் பேசுங்க. ரொம்ப மெதுவா. உங்க குரல்ல நூல் அளவு மட்டும்."

"என் குரல்லயா?" என்றார் அவர் கணீரென்று. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "நான் என்ன பேசட்டும்?"

"மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க."

இதெல்லாம் எதற்காக என்பதை அம்மா அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்தினார். மேல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

முதலில் விளக்குக் கூலர். சுவரைப் பார்த்து நின்ற பட்டாணிக்கு விர்ர்ர் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது பளபளவென்று ஒன்று. அதிலும் கேட்கவில்லை. இன்னொன்றில் "சோறு" என்பது மட்டும் கேட்டது. பிறகு இரண்டு பெரிய விசிறிகள் வைத்த ஒரு பூதத்தை எடுத்து வைத்தார். அவர் சாப்பிட்டது முழுவதும் கேட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

பட்டாணி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. "பதினாறரை. தகடு மூடாதும்மா."

அம்மா அந்தப் பூதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அப்பா தனியாக இருந்தார்.

கடைக்காரர் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். "இது யாரும் கேக்கறதில்லை. விளக்கு இல்லை, அழகும் இல்லை."

சாம்பல் நிறத்தில், அடுக்கடுக்கான தகடுகளும் ஒரே ஒரு பெரிய விசிறியும். பட்டாணி முதலில் அளந்தாள். உயரம் சரியாக இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள். பெரிய விசிறி என்பதால் அது அவசரப்படாமல் சுற்றியது. யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல ஒரு மூச்சுச் சத்தம். அவ்வளவுதான்.

அதற்கு நடுவே குரல் வந்தது. "சாப்பிட்டதையே எவ்வளவு நேரம் சொல்றது... கடையைச் சாத்தணும், லேட்டாப் போனா வீட்ல திட்டுவாங்க..."

"சாத்திடுங்க மாமா" என்றாள் பட்டாணி, திரும்பாமலே. "எங்களுக்கு இதுவே போதும்."

மறுநாள் காலை கூலரை மாட்ட உட்கார்ந்தார்கள். சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் பிராசசரின் மேல் பட்டாணி அளவு வைக்க வேண்டும் என்று பெட்டியில் இருந்த தாளில் போட்டிருந்தது. "உன்னைத் தூக்கி வைக்கச் சொல்லுது" என்றாள் அம்மா. பல நாட்களுக்குப் பிறகு அவள் செய்த கேலி அது.

தகட்டை மூடினார்கள். அம்மா பொத்தானை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை.

"போச்சு" என்றாள் அம்மா. "எதையோ உடைச்சுட்டோம்."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது திரையில் வெளிச்சம் வந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா இருப்பதிலேயே பெரிய படத்தை ஓட விட்டாள். வெகுநேரம் ஓடியும் அதே மூச்சுச் சத்தம்தான். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுகூட உள்ளே கேட்டது.

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். அப்பா சுவர்ப் பக்கமே படுத்திருந்தார்.

"அப்பா" என்றாள் பட்டாணி.

அவள் கட்டிலை நெருங்கினாள்.

"அப்பா, கம்ப்யூட்டர் ஓடுது. இப்பப் பேசினாக் கேக்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவும் செய்து, காலம் கடந்து செய்துவிட்டோமா? பேசாமல் விட்டால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது பட்டாணிக்கு நினைவு வந்தது.

அவள் மேலும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கருவிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த ஸ்க்ரூ எதுக்கு?"

இருவரும் நிமிர்ந்தார்கள். அப்பா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில ஒண்ணு கிடக்கு பாரு" என்றார். குரல் கரகரத்தது, இழை இழையாக அறுந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "அதை மாட்டாம விட்டுட்டீங்களா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. "ஆமாங்க, விட்டுட்டோம்" என்றாள் அழுகையோடு, ஏதோ பெரிய வெகுமதி கிடைத்ததைப் போல.

பட்டாணி கணினியை அணைத்து, தகட்டைக் கழற்றினாள். அந்தத் திருகாணிக்கு உரிய ஓட்டை எது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை வேறொரு ஓட்டையில் வைத்துப் பார்த்தாள்.

"அது இல்லை" என்றார் அப்பா. "அதுக்குக் கீழ."

அவள் மேலே வைத்தாள்.