ஏறாமல் நின்ற படங்கள்

இணைப்பு முகவரியைத் தமிழ்வாணி இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனாலும் யாரோ உள்ளே வந்திருப்பதாகத் திரை காட்டியது.

திருமங்கலத்தில், நாற்கரச் சாலையின் லாரி இரைச்சல் ஓயாத அந்த வீட்டில், டிவிக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த சின்ன சர்வரில்தான் கணவர் இம்மானுவேல் எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. வீட்டு வைஃபையில் மட்டுமே அவை திறக்கும். அப்பா இறந்த பதினொரு நாளாய்ச் சரியாகச் சாப்பிடாமல் கோவை விடுதியில் கிடக்கும் மகள் அஸ்வினி அவற்றைப் பார்க்கட்டும் என்றுதான், வெளியிலிருந்து வருபவர்களை வாசலில் விசாரித்து உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் புராக்ஸியை, அலுவலக நண்பன் அழகுராஜா போனில் சொல்லச் சொல்ல, காலையிலிருந்து உட்கார்வதும் எழுவதுமாய் அமைத்து முடித்திருந்தாள்.

"தம்பி, அதுக்குள்ள யாரோ வந்துருக்காங்க. போட்டோ ஏறுது."

"அண்ணன் போனா இருக்கும்க்கா. வெளிய எடுத்தது ஏறாம நின்னுருக்கும். இப்ப வழி கெடச்சதும் மொத்தமா ஏறுது. பாப்பாவுக்கு லிங்க்க நானே அனுப்பிடுறேன்."

தமிழ்வாணி போனைக் கீழே வைத்தாள். போன் இல்லாமல் கணவருக்கு ஒரு நிமிஷம் ஓடாதே என்று, சவப்பெட்டியை மூடுமுன் அதை அவர் சட்டைப் பையில் வைத்தவள் அவள்தான். மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று எல்லோரையும் அவசரப்படுத்தியவளும் அவள்தான்.

முதல் படம் வெறும் இருட்டு. இரண்டாவதில், ஃபிளாஷ் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி அடித்த பலகை மிகக் கிட்டத்தில் தெரிந்தது. எடுத்த நேரம், அடக்கம் செய்த அன்று மாலை ஆறு நாற்பது. நாலரைக்கே மண் தள்ளியிருந்தார்கள்.

நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டாள். எழுந்தாள். சொம்பில் தண்ணீர் இல்லை. திரும்ப உட்கார்ந்தாள்.

மூன்றாவது. துணி கிழிந்திருந்தது.

நான்காவது. பலகையில் கீறல்கள். நகமில்லாத ஒரு விரல்.

வழியை அடைத்துவிடலாம். ஒரே கட்டளைதான். ஆனால் அடைத்தால், அவர் அனுப்புவது யாருக்கும் வராது. கை அசையவில்லை.

போன் அடித்தது. அஸ்வினி.

"அம்மா, அப்பா போட்டோ ஒவ்வொண்ணா வருது. இதெல்லாம் எங்கம்மா எடுத்தாரு?"

"பாக்காத. மூடிரு."

"இதுல அப்பா முழிச்சிருக்காரேம்மா."

புதுப் படம் திறந்தது. முகம். வாய் நிறைய மண். கண்கள் அவளையே பார்த்தன.

எடுத்த நேரம்: இன்று, மதியம் மூன்று பன்னிரண்டு.

இப்போது மணி மூன்று பதின்மூன்று. அடுத்தது ஏறிக்கொண்டிருந்தது.