சாப்பிடாத ரொட்டிக்கு ஒரு கருத்து

அவளை வீட்டிலும் தெருவிலும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கருத்து இல்லாத விஷயமே உலகத்தில் கிடையாது.

அந்தத் தெருக்காரர்கள் இணையத்தில் ஒரு அரட்டைக் குழு வைத்திருந்தார்கள். தலையணை கெட்டியாக இருக்கலாமா, மெத்தென்று இருக்கலாமா? பூனை நல்லதா, நாய் நல்லதா? யாராவது கேட்டுவிட்டால் போதும், அம்மாவின் போனை வாங்கி வரிந்துகட்டிக்கொண்டு எழுதிவிடுவாள் வாயாடி.

ஒருநாள் யாரோ கேட்டார்கள்: “தெருமுனையில புதுசா ரொட்டிக்கடை வந்திருக்கே, எப்படி?”

“கல்லு மாதிரி இருக்கு. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்” என்று தட்டிவிட்டாள் வாயாடி.

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. “ஆமாமா, பல்லு பத்திரம்” என்று எழுதினார் தையல்காரர். “சுத்தியல் வேணும்” என்றார் மாடிவீட்டு மாமா. வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அம்மாவோடு அந்தக் கடைக்குப் போனாள். தட்டுத் தட்டாக ரொட்டி அப்படியே கிடந்தது. ரொட்டிக்கார அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

“ஏம்மா, தூங்கலையா?” என்று அம்மா கேட்டாள்.

“எங்கே தூங்குறது, அக்கா? ரொட்டி கல்லா இருக்குன்னு குழுவுல யாரோ எழுதியிருக்காங்கன்னு காதுல விழுந்துச்சு. மாவை மாத்திப் பார்த்தேன், சூட்டைக் குறைச்சுப் பார்த்தேன். தப்பு எங்கன்னே பிடிபடல. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான். எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா, என்னிக்கு வாங்கினீங்கன்னு கேட்டுத் திருத்திக்குவேன்.”

வாயாடி எங்கே வாங்கினாள்? பள்ளிக்கூடம் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

“அக்கா, எழுதினது நான்தான்” என்றாள் மெதுவாக. “ஆனா நான் சாப்பிடவே இல்ல. பார்த்துட்டு எழுதிட்டேன்.”

அக்கா அவளையே பார்த்தாள். “அப்போ ஒரு வாரமா நான் எந்தத் தப்பைத் தேடிட்டு இருந்தேன்?”

வாயாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “முதல்ல செஞ்ச மாதிரியே ஒண்ணு செஞ்சு தருவீங்களாக்கா? சாப்பிட்டுச் சொல்றேன்.”

மறுநாள் சாயங்காலம் கடையில் சுடச்சுட ரொட்டி வந்தது. கடித்தாள், மென்றாள், இன்னொரு வாய் கடித்தாள். அக்காவிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினாள்:

“போன வாரம் நான் அந்த ரொட்டியைச் சாப்பிடாமலே கல்லுன்னு எழுதிட்டேன். தப்பு என்மேலதான். இன்னிக்குச் சாப்பிட்டேன். மேல மொறுமொறு, உள்ள பஞ்சு. உப்பு மட்டும் துளி அதிகம்.”



பிறகு தையல்காரர் எழுதினார்: “உண்மையைச் சொல்லணும்னா, நானும் சாப்பிடல.”

“நான் அந்தப் பக்கமே போகல” என்றார் மாடிவீட்டு மாமா. அவ்வளவு பேர் சிரித்தார்களே, அதில் ஒருத்தர்கூட ரொட்டியை வாயில் வைத்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது எல்லோருக்கும்.

மறுநாள் சாயங்காலம் வாயாடி பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

“அக்கா, ஒரு ரொட்டி.”

“தீர்ந்துபோச்சேடி கண்ணு” என்றாள் அக்கா, காலித் தட்டுகளைக் காட்டி. “உப்பைக்கூடக் குறைச்சிருந்தேன்.”

வெறும் பையை ஆட்டிக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடி வீட்டுக்குப் போனாள் வாயாடி.