குறைந்தபட்ச அகலம்

திரையில் சமையலறைப் பெட்டிக்கும் பாப்பா அறைப் பெட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. இருக்கவே கூடாது. வீட்டுக் காவல் மென்பொருளுக்கான திரையை மூன்று நாளாக அவன் எழுதிக்கொண்டிருந்தான். அறைக்கு ஒரு பெட்டி, அதற்குள் அந்த அறையின் கேமரா படம், எல்லாம் வரிசையாக ஒட்டி நிற்க வேண்டும். சோதித்துப் பார்க்க, சோம்பேறித்தனத்தில் சொந்த வீட்டையே கொடுத்திருந்தான்: சமையலறை, பாப்பா அறை, அவனுடைய வேலை அறை.

பெட்டிகளின் ஓர இடைவெளிகளைப் பூஜ்ஜியமாக்கினான். இடைவெளி அசையவில்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். குழாய்த் தண்ணீரில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா பொம்மையோடு பேசும் முணுமுணுப்பு, ஜன்னல் வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. டீம் லீடருக்குப் போன் போட்டான். அவர் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கலர் அடிச்சுப் பாரு. பேர் இல்லாததுக்கெல்லாம் கறுப்பு வை. எது எடத்தைப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்."

அடித்தான். சமையலறை மஞ்சள், பாப்பா அறை பச்சை, தன் அறை நீலம். இடைவெளி கறுப்பாக வந்தது.

அவன் எழுதியது மூன்று பெட்டி. பட்டியலில் நான்கு இருந்தன. நான்காவதற்குப் பெயர் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம் என்று மட்டும் இருந்தது. அதை அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினான். கறுப்பு இரண்டு விரல் அகலமாகியிருந்தது.

ஒன்று விரிந்தால் இன்னொன்று சுருங்கும். எதுவரை சுருங்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அகலம் கொடுப்பது வழக்கம். தன் அறைக்கு நானூறு புள்ளியும் சமையலறைக்கு முந்நூறும் கொடுத்திருந்தான். பாப்பா அறைக்குப் பூஜ்ஜியம். காலையில் எட்டிப் பார்த்த மனைவி கேட்கக்கூடச் செய்தாள்.

"ஏங்க, பாப்பாவுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையா?"

"சின்னப் பொண்ணுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவா."

இப்போது பச்சை மெலிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரக்கால் தரையைக் கீறும் சத்தம்.

"அப்பா, கட்டில் நகருது."

"விளையாடாத பாப்பா."

"நான் இல்லப்பா."

எழுந்து அறைக்கு வெளியே போனான். பாப்பாவின் அறைக் கதவு ஒரு சாண் அகலத்துக்கு ஒடுங்கி நின்றது. கைப்பிடியும் அவள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரும் கதவோடு சேர்ந்து மெலிந்திருந்தன. உயரம் மட்டும் குறையவில்லை. தள்ளினான். திறக்கவில்லை. கீழ் இடுக்கில் பாப்பாவின் நான்கு விரல்கள் வெளியே வந்தன.

ஓடிவந்து பச்சை வரிசையில் முந்நூறு என்று அடித்தான். இடம் போதாது, எதையாவது குறை என்றது திரை. கறுப்பைக் குறைத்தான். ஏற்கவில்லை. இனி நீலம், இல்லையென்றால் மஞ்சள். மஞ்சள் பெட்டிக்குள் மனைவி முதுகு காட்டி நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி எடுக்க வெளியே போய்விடுவாள், இதோ போய்விடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மஞ்சளில் பூஜ்ஜியம் போட்டான்.

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பச்சை விரிந்தது. பாப்பா மூச்சை இழுத்து விட்டது கேட்டது. பட்டியலில் சமையலறை இன்னும் இருந்தது. தெரிகிறது: ஆம். அகலம்: பூஜ்ஜியம். சுவருக்குள் எங்கேயோ ஒரு கரண்டி விடாமல் கீறிக்கொண்டிருந்தது.

கறுப்பு நிற்கவில்லை.

நாற்காலியின் முதுகு சுவரில் இடித்தது. ஆறடி தள்ளியிருந்த சுவர். வாசல் ஒரு சாண்தான் இருந்தது. நீலம் நானூறுக்கு வந்துவிட்டது. இடம் போதாது. எதையாவது குறை.

குறைக்க இன்னும் இரண்டு எண்கள்தான்: நீலம், பச்சை.

"அப்பா, கதவு திறக்கல. அம்மா எங்கப்பா?"

கர்சர் பச்சை வரிசையில் நின்றது. அவன்தான் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான்.

"ஒரு நிமிஷம்டா கண்ணு," என்றான். குரல் நடுங்கவே இல்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரிப்பா."

பாப்பா கால்களை மடக்கிச் சுவரோரம் ஒடுங்கி உட்காருவது கேட்டது. அவன் பூஜ்ஜியத்தை அடித்தான்.