அங்கே தண்ணீர் இல்லை

டொலிடோ நகரில் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தக் காட்சியைப் போனில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நாடாளுமன்ற வேட்பாளர் மார்லீன் ஸ்ட்ரவுட் தொலைக்காட்சி விவாதத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். சத்தம் வரவில்லை.

அந்த மார்லீன்தான் துப்பறியும் ஹாடிக்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கணவன் கிளே. மறுபக்கம் பிரசார மேலாளர் கொரீன்.

"எங்க ஆளுங்கள்லயே யாரோ என்னைக் காட்டிக்கொடுத்துட்டாங்க. வியாழக்கிழமை மறுபடியும் விவாதம். அதுக்குள்ள யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா போட்டியிலேருந்து விலகிடுவேன்."

ஹாடிக்ஸின் உதவியாளர் பெட்ரா பதிவை ஓடவிட்டாள். எதிர் வேட்பாளர் கெஸ்லர் பேசினான்.

"உங்க பையன் வெஸ் ஜெயில்லேருந்து போன் பண்ணான். 'ஒரு ராத்திரி உள்ள கிட, புத்தி வரும்'னு சொல்லிப் போனை வெச்சீங்க. விடியறதுக்குள்ள செத்துட்டான். ஊர்கிட்ட மட்டும் போனே வரலன்னு அழுதீங்க."

மார்லீனின் வலது தோள் லேசாகச் சரிந்தது. கெஸ்லர் சிரித்தான்.

"தேடாதீங்க மேடம், அங்க தண்ணி இல்ல. பதில் சொல்லுங்க."

"போன் வந்தது யார் யாருக்குத் தெரியும்?" என்றார் ஹாடிக்ஸ்.

"இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

"கொரீன்தான் சார்," என்று பெட்ரா குதித்தாள். "முன்னாடி கெஸ்லர் கட்சியிலதான் இருந்தாங்க."

"வாயை மூடும்மா," என்றாள் கொரீன். "இவ தோத்தா எனக்கு இந்த மாநிலத்துல எவனும் வேலை தரமாட்டான்."

ஹாடிக்ஸ் கடைசி வரியைத் திரும்பப் போடச் சொன்னார்.

"கெஸ்லர் அன்னிக்கு எங்க இருந்தான்?"

"நியூயார்க்ல. நான் இங்க, சின்ன அறையில. அவன் குரல் காதுல வரும், அவ்வளவுதான்."

"திரையில உங்க தோளுக்கு மேலதான் தெரியுது. மேஜை தெரியல, கை தெரியல. தண்ணி இல்லன்னு அவனுக்கு யார் சொன்னாங்க?"

பெட்ரா வாய் பிளந்தாள்.

"தண்ணி நானே வெச்சேன்," என்றாள் கொரீன். "அடி விழுந்தா இவ கை டம்ளருக்குப் போகும், ஒத்திகையிலயே பார்த்திருக்கேன். வெச்சுட்டு வெளிய வந்துட்டேன். ஜனங்க பார்க்கிற மாதிரி டிவியிலதான் நான் பார்ப்பேன்."

"கொரீன் போனப்புறம் டம்ளர் இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள் மார்லீன். "ஒரு வாய் குடிச்சேன். எப்பவும்போல கண்ணை மூடி மூச்சு இழுத்தேன். திறந்தா கேமரா மேல சிவப்பு விளக்கு, நேரலை ஆரம்பிச்சாச்சு. அப்புறம் கீழ பார்க்கல. பார்த்தா டிவியில திருட்டு முழியாத் தெரியும்."

"கேமராவை யார் இயக்கினாங்க?"

"அதுவும் நியூயார்க்லேருந்துதான். அறையில ஆள் கிடையாது."

"யாருமே?"

கொரீனின் தலை மெல்லக் கிளே பக்கம் திரும்பியது. வெறும் லென்ஸைப் பார்த்துப் பேச மார்லீனுக்கு வராது. அதனால் லென்ஸுக்குப் பின்னால் எப்போதும் கிளே நிற்பான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் நாட்டோடு பேசுவாள்.

கிளே மறுக்கவில்லை.

"கண்ணை மூடினப்போ டம்ளரை எடுத்தேன். எடுப்பேன்னு கெஸ்லர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். போய்க் கூட்டிட்டு வரலாம்னு அன்னிக்குக் கெஞ்சினேன், மார்லீன். ஜெயில் வாசல்ல போட்டோ எடுத்துடுவாங்கன்னு நீ மறுத்துட்டே. வெஸ் ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டானாம். பக்கத்து அறைக் கைதி சொன்னான்."

"இது உங்களுக்குத் தெரியும்," என்றார் ஹாடிக்ஸ் மார்லீனிடம். "அவர் முகத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"சிரிச்சான்," என்றாள் அவள். "நீங்களாவது கொரீன் பேரைச் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

கொரீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப விவாகரத்துன்னு போனா செத்தோம். ஓட்டு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு நில்லுங்க."

வியாழக்கிழமை பெட்ரா தொலைக்காட்சியைப் போட்டாள். கெஸ்லர் மறுபடியும் பையன் பேச்சை எடுத்தான். மார்லீன் இமைக்கவில்லை. தோள் அசையவில்லை.

"ஆமா, போன் வந்துச்சு. பொய் சொன்னேன். கிடன்னுதான் சொன்னேன். தப்பு பண்ணா ஊரார் பிள்ளைங்களை உள்ள தள்ளுன்னு ஊர் ஊராக் கத்தினவ நான். என் பிள்ளைக்கு மட்டும் கதவைத் திறக்கச் சொல்லணுமா? நீங்க சொல்வீங்களா கெஸ்லர்? உங்க பிள்ளைக்கு?"

கெஸ்லரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"பொம்பளையா இது!" என்றாள் பெட்ரா. "சார், இன்னிக்கு லென்ஸுக்குப் பின்னாடி யாரை நிக்க வெச்சிருப்பாங்க?"

ஹாடிக்ஸ் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அந்தக் கண்ணைப் பாரு. அந்தக் கிளேயைத்தான்."