அட்டையின் முதல் கட்டம்

"அண்ணி, இந்த அட்டைய இன்னும் எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு நிக்கணும்? கை வலிக்குது."

"அஞ்சே நிமிஷம்டி. மொதல்ல வாயில இருக்கற மல்லாட்டைய முழுங்கு. எலி கொறிக்கற மாதிரி இருக்கு."

"கேமராவுக்குக் கண்ணு தெரியாதா? அதுக்கு நான் அட்டை காட்டணுமா?"

"கண்ணு தெரியும். நெறம்தான் சரியாத் தெரியாது. நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

வாயிலிருந்த வேர்க்கடலையை மென்றுகொண்டே பூமாலை சிரித்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இல்ல, வேணாம். அப்புறமாக் கேக்கறேன்."

இந்தப் பேச்சுக்கு மூன்று வருடமாகிறது. நாளை பூமாலைக்குத் திதி. "தங்கச்சி படத்தப் பெருசாப் போட்டு மாட்டணும் வெண்ணிலா. அவ எப்டி இருந்தாளோ அப்டியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வெண்ணிலாவின் கணவன் திருமுருகன் விக்கிரவாண்டியில் ஒரு வளைகாப்புக்குப் படமெடுக்கப் போயிருந்தான்.

திண்டிவனத்தில் அவர்கள் ஸ்டுடியோவின் பின்னறை. மானிட்டரில் நிறம் தவறாகத் தெரியக்கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. அதற்கு அப்பால் மதிய மழை தகரக் கூரையில் விழும் சத்தமும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ஹாரன்களும் எங்கோ தொலைவில் நடப்பவை போலக் கேட்டன. வெண்ணிலா அந்தப் பழைய ரா ஃபைலைத் திறந்தாள். மார்புக்கு நேரே வண்ண அட்டையைப் பிடித்துக்கொண்டு பூமாலை நின்றாள்.

முகம் வெளுத்திருந்தது.

நிறத்தைத் திருத்தும் புரொஃபைல் போட்டிருக்கும் என்று நினைத்து அதை நீக்கினாள். ரா ஃபைல் என்பது கேமரா பிடித்தது பிடித்தபடி இருக்கும். புரொஃபைலைப் போட்டால் திரையில் காட்டும் நிறம்தான் மாறும். நீக்கிவிட்டால் பழைய நிறம் வந்துவிடும். தொழிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய விஷயம் அது.

முகம் மாறவில்லை.

அட்டையில் இருபத்து நான்கு கட்டங்கள். முதல் கட்டம் கரும்பழுப்பு, அடுத்தது இளஞ்சிவப்பு. இரண்டும் மனிதத் தோலின் நிறங்கள். நிஜத்தில் பூமாலையின் கன்னம் அப்படியே அந்த முதல் கட்டம். அன்று இந்த அட்டையை வைத்துப் புரொஃபைல் செய்தபோது வெண்ணிலா கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் சொன்னாள்: முதல் கட்டம்தான் இரண்டாவது கட்டம். நாத்தனாருக்கு நல்ல இடம் அமையட்டும் என்ற பிரியத்தில் சொன்ன பொய்தான். அந்தப் படம் விழுப்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போனது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, எதிரில் நின்ற பூமாலையைப் பார்த்துக்கொண்டே, "போட்டோல இருக்கற பொண்ணக் கூப்புடுங்க" என்றாள்.

அதிலிருந்து பதினோராம் நாள், கூட்டேரிப்பட்டு ரோட்டில் பூமாலையின் வண்டிமேல் லாரி ஏறியது.

படத்தை வெளுக்க வைத்தது திருமுருகனுக்கு இன்றுவரை தெரியாது. புரொஃபைலை அவள் நிறுத்தவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த எல்லா மணப்பெண்களும் அதன் வழியாகத்தான் ஆல்பத்துக்குப் போனார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

நாளை இந்த முகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

புரொஃபைலை மறுபடி நீக்கினாள். இன்னும் கொஞ்சம் வெளுத்தது. ஃபைலை மூடித் திறந்தாள். மூக்கின் ஓரங்கள் மங்கி, உதடு கன்னத்தோடு கரைந்து, சுண்ணாம்பு பூசிய சுவரில் இரண்டு கண்களை ஒட்டி வைத்ததுபோல ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை. ஈரத் தோலும் மண்ணும் கலந்த, சூடான வாசனை.

அவளுக்குப் பின்னால் கடலை ஓடு உடைபடும் சத்தம். டக்.

திரும்பவில்லை.

டக்.

மவுஸின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக இருந்தன. மானிட்டர் வெளிச்சம், என்று சொல்லிக்கொண்டாள். இடது கையை நீட்டி டியூப்லைட்டைப் போட்டாள்.

வெளிச்சம் இல்லை அது.

நகங்களிலிருந்து மணிக்கட்டுக்கு. மணிக்கட்டிலிருந்து வளையலுக்குக் கீழே. நிறம் மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை. அட்டையின் இரண்டாவது கட்டம். அச்சாக அதே நிறம்.

திரையில் இப்போது கண்களும் இல்லை.

வலது தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. கரும்பழுப்புக் கை. மூன்று வருடமாக அவள் பார்க்காத, கொஞ்சமும் வெளுக்காத நிறம். விரல்களில் உப்பு ஈரம். அது அட்டையைப் பிடித்திருந்தது. முதல் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதன் வழியே வெள்ளைத் திரை தெரிந்தது.

காதருகே, மல்லாட்டையை மென்றுகொண்டே, கூச்சத்தோடு ஒரு குரல்.

"அண்ணி, அப்புறமாக் கேக்கறேன்னு சொன்னேனே... அந்த வீட்டுக்கு அனுப்பற போட்டோவுல என்னை வெளுக்க வெக்காதீங்க அண்ணி."