சிவக்காத ஆரத்தி

"ஆரத்தி செவக்கலக்கா," என்றாள் சரோஜா. சொல்லிவிட்டுத் தமிழ்ச்செல்வியின் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

மாமல்லபுரத்தில் ஜெசிந்தா நடத்தும் சின்ன சைனீஸ் கடையில் மாவு பிசைகிறவள் அவள். அங்கே நூடுல்ஸ் பாக்கெட்டில் வருவதில்லை. அவள் பிசைந்த மாவைப் பூபாலன் இரு கையாலும் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து நூல் நூலாக்குவான். ஒரு வாரமாக இழுக்க இழுக்க அறுந்துபோகிறது.

"என் கை ராசியில்லன்னு பூபாலன் சொல்லிகினு கீறான். ஜெசிந்தாக்கா நாளிக்கி வராதன்னுட்டாங்க. இந்த வேலை போச்சின்னா நான் எங்கக்கா போவேன்? கண்ணு பட்டுட்ச்சோன்னு ஆரத்தி கரைச்சேன். அதுவும் மஞ்சளாவே கீது."

சரவணகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி தமிழ்ச்செல்வி கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவியிடம் வரும் முடிச்சுகளில் ஒன்றையாவது தான் முந்தி அவிழ்த்துவிட வேண்டும் என்பது சரவணகுமாரின் நெடுநாள் ஆசை.

"மாவுல கலப்படம்!" என்றார்.

"அதே மாவுல வூட்ல சப்பாத்தி போட்டேன் சார். நல்லாத்தான் வந்துச்சி."

"ஆரத்திக்குச் சுண்ணாம்பு எங்க வாங்கினே?" என்று கேட்டார் தமிழ்ச்செல்வி.

"வாங்கலக்கா. கடை தொறந்தப்போ ஆரத்திக்குச் சுண்ணாம்பு இல்லன்னு பூபாலன்தான் அவன் பாட்டில்லேர்ந்து காரத்தண்ணி ஊத்துனான். செக்கச்செவேல்னு ஆச்சி. அதான் இப்பவும் அதையே ஊத்துனேன்."

"நூடுல்ஸுக்கு மிளகாய்த் தண்ணியா?" என்றார் சரவணகுமார்.

"அந்தக் காரம் இல்லீங்க. சோடா உப்பு மாதிரி ஒரு காரம்." தமிழ்ச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, அங்கயே சாப்பிடலாம்."

கடையில் பாதி மேசைகள் காலி. பூபாலன் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் வார்த்து மாவில் தடவி இழுத்தான். இரண்டாவது இழுப்பிலேயே அறுந்தது.

"பாத்தீங்களா சார்? இவ பிசையற லட்சணம்!"

"தம்பி, அந்தத் தண்ணி சரியா இருக்கா?" என்றார் தமிழ்ச்செல்வி.

"அதுக்கு இன்னா? சோப்புத் தண்ணி மாரி எப்பவும் போல வழுவழுன்னு கீது."

தமிழ்ச்செல்வி அதில் கொஞ்சத்தை ஒரு தட்டில் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டார். மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு தட்டில் கடையிலிருந்த கார உப்பைப் புதிதாகக் கரைத்து மஞ்சள் போட்டார். ரத்தமாகச் சிவந்தது.

"மஞ்சள் காரத்தோட சேர்ந்தா சிவக்கும். ஆரத்தியோட ரகசியமே அதுதான். மாவுக்குள்ள ரப்பர் மாதிரி ஒரு பின்னல் இருக்கு. காரம் அதை இறுக்கும். அப்பதான் இந்த மாவு இழுப்புக்குத் தாங்கும். இந்த பாட்டில்ல இருக்கறது பச்சைத்தண்ணி."

ஜெசிந்தா சட்டென்று சரோஜா பக்கம் திரும்பினாள். "நீதான மாத்துன?"

சரவணகுமாருக்கும் அதே சந்தேகம்தான். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"மாத்தினது யாரா இருந்தாலும், ஒருத்தருக்கு மட்டும் முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்," என்றார் தமிழ்ச்செல்வி. "காரத்தண்ணி விரல்ல வழுக்கும், பச்சைத்தண்ணி வழுக்காது. தினமும் அதைக் கையில எடுத்துத் தடவுறவர் பூபாலன். தெரிஞ்சும் சொல்லலை. இப்பகூட வழுவழுன்னு இருக்குன்னார். நீங்களே தொட்டுப் பாருங்க."

ஜெசிந்தா தொட்டுப் பார்த்தாள். விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பூபாலன் கையைத் துடைத்தான். "ஈசிஆர் ரோட்ல ஒரு பெரிய ஹோட்டல்ல கூப்ட்டுகினே கீறாங்க. அக்கா, ஒங்க வூட்டுக்காரர் சாவறப்போ கடைய பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். நானா போனா ஊரே காறித் துப்பும். கடை தானா படுத்துட்டா யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க."

"அத்த ஏன்டா என் தலைல போட்ட?" என்றாள் சரோஜா.

"யாரு தலைலயாச்சும் போட்டாவணுமில்ல?"

ஏப்ரனைக் கழற்றிப் பலகைமேல் எறிந்துவிட்டுப் போனான். யாரும் தடுக்கவில்லை.

ஜெசிந்தா சரோஜாவின் முகத்தைப் பார்க்காமலே, "நாளிக்கி வந்துடு," என்றாள். மன்னிப்பு என்ற சொல் வரவேயில்லை.

"வந்து இன்னாக்கா பண்றது? இழுக்க ஆளு ஏது?"

தமிழ்ச்செல்விதான் பதில் சொன்னார். "இழுக்க வேண்டாம். கார உப்பைத் தண்ணியில கரைச்சு, பிசையும்போதே ஊத்து. கெட்டியாப் பிசைஞ்சு ஊற வை. மெல்லிசாத் தேய்ச்சு, மாவு தூவி மடிச்சு, கத்தியால வெட்டு. அதுவும் கையால செஞ்ச நூடுல்ஸ்தான்."